நாட்டுக் கொடியின் அமைப்பும் பொருளும்

கொடி என்னும் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பலவுண்டு. பந்தரிற் படரும் முல்லையும் கொடி. நனைந்த துணியை உலர்த்தக் கட்டும் கயிறும் கொடி. குழந்தையோடு கூடப் பிறப்பதும் கொடி. மணமகள் கழுத்தில் ஏறும் தாலியும் கொடி. இவையெல்லாம் வேறுவேறு பொருள்களே யாயினும் இவற்றிடையே ஓர் ஒற்றுமை காணலாம். கொடி தானாக நில்லாது. கொழுகொம்பையோ, தூணையோ, தாயையோ, கழுத்தையோ பற்றியே அது நிற்கும். துணியில் எழுதி உயர்த்தும் கொடியும் அத்தகையதே. பற்றி நிற்பதற்கு அதற்கு ஒரு மரம் வேண்டும். தமது என்று அதனைப் பற்றிக்கொள்ள மக்களும் வேண்டும். மரம் எளிதிற் கிடைக்கும். மக்கள் பற்றுவது அத்துணை எளிதன்று.

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுத எண்ணினேன். எண்ணத்தை மாற்றியவன் ஒரு மாணவன். சாகாமத்திலிருந்து வரும் பிள்ளை அவன். சுதந்திர தினத்தையொட்டி வகுப்பில் நாட்டுக் கொடியை வரையச் சொல்லியிருந்தேன். வண்ணமெல்லாம் தீட்டி முடித்தபின், தாளைக் கையிற் பிடித்தபடி எழுந்து, “சேர், இந்தச் சிங்கம் ஏன் வாளோடு நம்முடைய நிறங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது?” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாலில் உள்ள மயிர்களுக்குக்கூடப் பொருள் கற்பிக்கும் நாம், அவன் கேட்டதற்கு ஒரு விடை வைத்திருக்கவில்லை. அவனுக்கு அன்று கூறாத விடையையே இங்கு எழுதுகின்றேன்.

பழந்தமிழர் கொடிகளை முதலில் நோக்குவோம். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். தெய்வங்களுக்கும் அவ்வாறே. முருகனுக்குச் சேவல், சிவனுக்கு இடபம், திருமாலுக்குக் கருடன். பாரதத்திலே துரியோதனன் அரவக்கொடியோன், அருச்சுனன் குரக்குக்கொடியோன். இலங்கை வேந்தனாகிய இராவணனுக்கு வீணைக்கொடி என்பது தமிழ் மரபு. ஆயுதமேந்திய உருவத்தையன்றி இசைக்கருவியொன்றை அவன் கொடியில் வைத்தவர் எவரோ, அவர் பகைவனுக்கும் நீதி செய்தவர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் இடபக் கொடியினர். அவர்கள் வெளியிட்ட நாணயங்களிற் கிடந்த கோலத்து இடபத்தையும் ‘சேது’ என்னும் சொல்லையும் காணலாம். 1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அவ்வரசைக் கைப்பற்றியதோடு அக்கொடியும் இறங்கிற்று.

கண்டியரசிலோ, நாடு முழுவதற்கும் ஒரு கொடி என்பதோடு அமையாமல், திசாவனி எனப்பட்ட மாகாணங்களுக்கும் தனித்தனிக் கொடிகள் இருந்தன. நான்கு கோறளைக்கு ஞாயிறும் திங்களும், ஏழு கோறளைக்குச் சிங்கம், ஊவாவுக்கு அன்னம். இங்கிலாந்தில் இன்றும் கென்ற் என்னும் கோட்டத்துக்குச் செந்நிலத்தில் வெண்குதிரை உண்டு. கோண்வாலுக்குக் கருநிலத்தில் வெண்சிலுவை உண்டு. இத்தகைய கொடிகள் யாவும் “இது யாருடையது?” என்னும் வினாவுக்கு விடை கூறுவன. போர்க்களத்துப் புழுதியிலே தன் தலைவன் நிற்கும் இடத்தை வீரன் அறிதற்கு உதவியவை இவை. உடையவன் ஒருவன் என்பதனால் அடையாளமும் ஒன்றாகவே அமைந்தது. சிக்கல் எதுவும் இல்லை.

நம் பக்கத்துக் கோயிற் கொடி வேறொரு வகையைச் சார்ந்தது. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை நோக்கிய திருவிழாவுக்குக் கொடியேறும்போது கூடி நிற்கும் நாம், அங்கு ஏறுவது யாதென எண்ணுகின்றோமா? சைவ நூலோர் தரும் விளக்கம் இது: கொடிமரம் பதி, கொடித்துணி பசுவாகிய ஆன்மா, அதனோடு சுற்றப்படும் தருப்பைக் கயிறு பாசம், மேலே ஏற்றும் கயிறு இறைவனது அருட்சத்தி. தாழக் கிடந்த ஆன்மா, பாசத்தோடு கூடிய நிலையிலேயே, அருளால் மேலேறிப் பதியைச் சார்கின்றது. துணியில் எழுதிய உருவத்திற் பொருள் நின்றுவிடவில்லை. ஏறுகின்ற செயலே பொருளாகின்றது. உலகில் உள்ள கொடிவிளக்கங்களுள் இதனினும் நுட்பமானது ஒன்றை யான் கண்டதில்லை.

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்றத்தைப் பார்த்தோரும் நம்மிற் பலர். ஊர்வலமாக வந்த கொடி கடற்காற்றிலே மினாராவில் விரியும்போது, கரையில் நிற்கும் கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் இருப்பர். ‘கொடியேற்றம்’ என்னும் அதே சொல்லையே அவர்களும் வழங்குகின்றனர். இவ்விரு கொடியேற்றங்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கொடியென்றால் ஊர்கூடும் இடம் என்பதே முதற் பொருளாகப் பதிகின்றது. ஆகவேதான் நாட்டுக் கொடியைப் பார்த்தும் அது கேள்வி கேட்கின்றது.

இனி நாட்டுக் கொடிக்கு வருவோம். 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடைய சிங்கக் கொடி இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இலண்டன் செல்சியிலுள்ள முதிய போர்வீரர் இல்லத்தில் வைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து அதனைத் தேடிக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் சட்டவறிஞர் ஈ. டபிள்யூ. பெரேரா. சிங்களக் கொடிகளையும் விருதுகளையும் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1916இல் வெளிவந்தது. மேலே கூறிய திசாவனிக் கொடிகளைப் பற்றி அறிய விரும்புவோர் நாட வேண்டிய நூலும் அதுவே.

ஈண்டு ஒன்று குறிப்பிடத் தக்கது. அக்கொடிக்குரிய மன்னன் மதுரை நாயக்கர் வழியினன். கண்ணுசாமி என்பது அவன் முன்னைப் பெயர். வேலூரிற் சிறையிருந்து 1832இல் அங்கேயே மாண்டான். சிங்கத்தின் கதையும் அவ்வாறே ஒருவர்க்கு மட்டும் உரியதாக முடிவதில்லை. விசயனின் பாட்டன் சிங்கம் என மகாவம்சம் கூறுவதால் அது சிங்கள இனத்தின் அடையாளமாயிற்று என்பது உண்மை. ஆனால் மாமல்லபுரத்துத் தூண்களைத் தாங்குவனவும் சிங்கங்களே. துர்க்கையைச் சுமப்பதும் சிங்கமே. யாழ்ப்பாணத்து மன்னர் தம்மைச் சிங்கையாரியர் என்றே அழைத்துக்கொண்டனர். இதனால் அச்சிங்கம் நமது என்று உரிமை கொண்டாடுகின்றேன் என யாரும் எண்ண வேண்டா. வரலாற்றில் அடையாளங்கள் வேலிபோட்டு நிற்பதில்லை என்பதே நான் கூற வந்தது.

1948ஆம் ஆண்டு நாடு சுதந்திரம் பெறும் தறுவாயில், எக்கொடியை ஏற்றுவது என்னும் வினா எழுந்தது. அவ்வாண்டு ஜனவரி 16ஆந் திகதி பிரதிநிதிகள் சபையில் ஒரு பிரேரணை வந்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? நமது கிழக்கு மாகாணத்தவர், மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினர், முஸ்லிம் பெருமகனாகிய முதலியார் ஏ. சின்னலெப்பை. இச்செய்தியை வகுப்பிற் கூறும்போதெல்லாம் மாணவர் வியப்படைகின்றனர். அம்பாறை மாவட்டம் 1961இலேதான் பிரிந்தது. ஆதலின் அன்று நமது ஊர்களும் மட்டக்களப்பு மாவட்டத்தினுள்ளேயே அடங்கியிருந்தன. நாட்டுக் கொடியின் வரலாறு கொழும்பிலும் கண்டியிலும் மட்டும் எழுதப்பட்டதென்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்க.

பிரேரணை எளிதிற் கரைசேரவில்லை. ஓர் இனத்தின் மன்னர்க்கொடி பல இனம் வாழும் நாட்டுக்கு எவ்வாறு பொருந்தும் என்னும் வினா தமிழ் உறுப்பினரிடையே எழுந்தது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்க 1948 மார்ச் மாதத்தில் ஒரு குழுவை நியமித்தார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அதன் தலைவர். ஜே. ஆர். ஜயவர்த்தன, சேர் ஜோன் கொத்தலாவல, எல். ஏ. ராஜபக்ஷ, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராய் நெடுங்காலம் விளங்கிய ரி. பி. ஜாயா, ஜி. ஜி. பொன்னம்பலம், செனற்றர் எஸ். நடேசன் ஆகியோர் உறுப்பினர். தொல்பொருளறிஞர் செனரத் பரணவிதான செயலாளராகப் பணிபுரிந்தார்.

குழு கண்ட முடிவு இது: சிங்கக் கொடி அப்படியே நிற்க, அதன் கம்பப் பக்கத்தில் இரு நெடும் பட்டைகள் சேர்க்கப்படும். பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. நடேசன் உடன்படவில்லை. தமது மாறுபட்ட கருத்தை எழுதிவைத்தார். சிங்கக் கொடியின் சட்டகத்துக்கு வெளியே இரு பட்டைகளை வைப்பது ஒற்றுமையின் சின்னம் ஆகாது என்பது அவர் வாதத்தின் கரு. பொன்னம்பலமும் ஜாயாவும் குழுவின் முடிவோடு நின்றனர். 1951ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் இக்கொடியை ஏற்றது.

இப்பொழுது கொடியைக் கண்முன் விரித்துப் பாருங்கள். உயரம் ஒன்றாயின் நீளம் இரண்டு. சுற்றிலும் மஞ்சள் விளிம்பு. கம்பத்தை ஒட்டிப் பச்சை. அதனை அடுத்துச் செம்மஞ்சள். பின்னர் மஞ்சட் கோடு ஒன்று. அதற்கு அப்பால் கருஞ்செந்நிறப் பரப்பு. அதில் வலது முன்காலில் வாளேந்திய பொன்னிறச் சிங்கம். நான்கு மூலைகளிலும் நான்கு அரசிலைகள். அந்த மஞ்சள் நிறத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். வெளியே அது முழுக் கொடியையும் ஒன்றாக வளைத்துக் காக்கின்றது. நடுவே அதுவே பட்டைகளையும் சிங்கத்தையும் வேறுபிரிக்கின்றது. வளைப்பதும் பிரிப்பதும் ஒரே நிறம். பொன்னம்பலம் உடன்பட்டதற்கும் நடேசன் உடன்படாமைக்கும் காரணம் அந்த ஒரே நிறத்திலேயே உள்ளதென்பேன். ஒருவர் விளிம்பைப் பார்த்தார். மற்றவர் நடுக்கோட்டைப் பார்த்தார்.

அரசிலைகள் தொடக்கத்தில் இல்லை. மூலைகளிற் கோபுர முடிபோன்ற அலங்காரங்களே இருந்தன. 1972இல் நாடு குடியரசானபோது, நிஸ்ஸங்க விஜேரத்ன தலைமையிலான குழுவின் மேற்பார்வையில் அவை அரசிலைகளாக மாற்றப்பட்டன. பௌத்தத்துக்கு முதன்மையிடம் என்று எழுதிய அரசியலமைப்பும் அதே ஆண்டிற்கு உரியதே. நான்கு இலைகளும் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு நற்குணங்களைக் குறிக்கும் என்பர். அரசடியிற் பிள்ளையாரை வைத்து வணங்கும் நமக்கு அவ்விலை அந்நியமானதன்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை, குடியரசின் தேசியக் கொடி சிங்கக் கொடியே என்று விதித்து, அதன் உருவத்தை இரண்டாம் அட்டவணையில் வைத்துள்ளது.

பரவலாக வழங்கும் விளக்கங்கள் இன்னும் பல. வாள் இறைமை. வாலின் எட்டு மயிர்கள் எண்வகை மார்க்கம். பிடரிமயிர், தாடி, மூக்கு, வாளின் பிடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் கூறப்படும். மஞ்சள் விளிம்புக்கும் கருஞ்செந்நிறத்துக்கும் உரைப்பார் கருத்துக்கேற்பப் பொருள் மாறும். தமிழ் கற்பிப்போன் என்ற முறையில் எனக்கு இங்கு ஒரு தயக்கம். செய்யுளுக்கு உரை கூறும்போது, புலவன் வைத்த உள்ளுறை வேறு. உரைகாரன் தன் வன்மையால் ஏற்றிய பொருள் வேறு. பத்துப்பாட்டிலே எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ உள்ள சொல்லோடு கொண்டுகூட்டும் நச்சினார்க்கினியரை நாம் போற்றுகின்றோம். ஆனால் முழுவதும் நம்புவதில்லை. கண்டி மன்னனுக்காகக் கொடி எழுதியவன் சிங்கத்தின் மூக்கை எழுதியபோது, சிங்கத்துக்கு மூக்கு உண்டு என்பதனாலேயே எழுதியிருப்பான். பரீட்சைக்காக எட்டு மயிர்களின் பொருளை எழுதட்டும், புள்ளி கிடைக்கும். அந்த அளவு நேரத்தை 1948ஆம் ஆண்டு வாதத்துக்கும் கொடுத்தால், கொடியின் மெய்ப்பொருளைப் பிள்ளைகள் அறிவர்.

பட்டைகளின் பொருளோ ஏற்றியுரைத்ததன்று. குழு அமர்ந்து, பேசி, இன்னாருக்கு இந்நிறம் என்று வைத்த பொருள். ஆகவே அதிற் குறை கண்டாலும் அது வைத்தோரின் குறையாகவே நிற்கும். இந்தியாவின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. 1921இல் பிங்கலி வெங்கையா காந்தியடிகளிடம் காட்டிய கொடியிற் செம்மையும் பச்சையும் இந்துக்களையும் முஸ்லிம்களையும் குறித்தன. ஏனையோர்க்கென வெண்மை சேர்ந்தது. உடனே ‘எம் நிறம் எங்கே?’ என்று சீக்கியர் கேட்டனர். நிறங்களை மக்களுக்குப் பங்கிடத் தொடங்கினால் பங்கு கேட்போருக்கு முடிவில்லை. 1931இற் காங்கிரஸ் செம்மையைக் காவியாக்கி, நிறங்கள் இனத்தையோ சமயத்தையோ குறியா. பண்புகளையே குறிக்கும் என்று தீர்மானித்தது. 1947 ஜூலை 22ஆந் திகதி அரசியல் நிர்ணய சபை ஏற்ற கொடியும் அந்த அடிப்படையிலேயே அமைந்தது. கனடாவில் ஆங்கிலேயர் வழியினரும் பிரெஞ்சியர் வழியினரும் நெடுநாட் பூசலிட்டு, 1965 பெப்ரவரி 15இல் ஒரு மேப்பிள் இலையை உயர்த்தினர். இலை எந்த இனத்துக்கும் உரியதன்று. அதனால் இருவரும் ஏற்றனர். நாம் அவ்வழியிற் செல்லவில்லை. ஓரினத்தின் அடையாளத்தை நடுவில் வைத்து, ஏனையோர்க்கு நிறத்தைப் பங்கிட்டோம். பறங்கியர், மலாயர், ஆதிவாசிகள் ஆகியோரின் நிறம் எது என்று கேட்டால் மஞ்சள் விளிம்பைக் காட்டுவாரும் உளர்.

கொடி வெறுந்துணி என்பாரை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தின் பின், 1957ஆம் ஆண்டுச் சுதந்திர தினத்தைத் துக்க தினமாகக் கொள்ளும்படி தமிழரசுக் கட்சி அழைத்தது. பெப்ரவரி 4ஆந் திகதி திருகோணமலையிற் கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். நமது மாகாணத்திலே, ஒரு கொடியின் பொருட்டு, ஓர் உயிர். அதன் பின்னர் இந்நாடு கண்ட கொடிகளையும் அவற்றின் கீழ் வீழ்ந்தோரையும் இம்மலரிற் கணக்கெடுக்க இடமில்லை. சிங்கக் கொடியின் கீழ் வீழ்ந்த பிள்ளைகளும் தாய்மாரின் பிள்ளைகளே என்பதை மட்டும் கூறிச் செல்கின்றேன்.

சாகாமத்து மாணவனுக்கு வருவோம். தம்பி, சிங்கம் கம்பத்தை நோக்கி நிற்பது கொடிமரபு. கொடியில் எழுதப்படும் விலங்கு கம்பத்தை நோக்கியிருப்பதே உலகெங்கும் பெருவழக்கு. கம்பத்தைத் தாங்கிச் செல்வோன் முன்னேறும்போது விலங்கும் முன்னோக்கிச் செல்லும். மறுபுறம் திருப்பி எழுதினாற் புறங்காட்டி ஓடுவதாகத் தோன்றும். பட்டைகள் சேர்ந்தது பின்னர். அவற்றைச் சிங்கத்தின் பின்னால் வைத்திருந்தால், “ஏன் நம்மைப் பின்னே தள்ளினார்கள்?” என்று நீ கேட்டிருப்பாய். முன்னால் வைத்ததனால், “ஏன் வாளோடு பார்க்கிறது?” என்கின்றாய். இரண்டும் நியாயமான கேள்விகளே. கம்பத்தின் அருகிலுள்ள பகுதியே கொடியில் மதிப்புடைய இடம் என்பதும் மரபு. அவ்விடம் நமக்கும் முஸ்லிம் சகோதரர்க்கும் கிடைத்திருக்கின்றது. வாள் நிமிர்ந்து நிற்கின்றது, நீட்டப்படவில்லை என்பதையும் உன் தாளிலேயே பார். ஆயினும் காவல் நிற்கும் வாளா, அச்சுறுத்தும் வாளா என்பதைத் துணியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கொடியின் கீழ் நடைபெறும் ஆட்சியைப் பார்த்தே சொல்ல முடியும். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், நடேசனின் வாதமே வலியது என்பேன். ஆனாலும் அந்த இரு பட்டைகளும் யாரும் இரங்கித் தந்தவையல்ல, வாதாடிப் பெற்றவை. அவற்றைச் சரியான நிறத்திலும் சரியான அகலத்திலும் நீ வரைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனாலேயே.

முடிக்குமுன், விழா நாளிற் கொடிகளுக்குப் பொறுப்பான மாணவ முதல்வர்க்குச் சில சொற்கள். ஓராண்டு ஒரு பாடசாலையில் நாட்டுக் கொடி தலைகீழாக ஏறி, அவசரமாக இறக்கப்பட்டதை நேரிற் கண்டிருக்கின்றேன். பிரதம விருந்தினர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆகையால் முதல்நாள் மாலையே கொடியை விரித்துப் பாருங்கள். பச்சைப் பட்டை கம்பத்தை ஒட்டியும், சிங்கத்தின் கால்கள் கீழாகவும் அமைதல் வேண்டும். நாட்டுக் கொடி முதலில் ஏறி இறுதியில் இறங்கும். நந்திக் கொடியும் கல்லூரிக் கொடியும் அதன் பின்னரே ஏறும், அதனினும் உயரலாகாது. மடித்துக் கட்டும் முடிச்சு ஓர் இழுப்பில் அவிழத்தக்கதாக இருக்கட்டும். சென்ற முறை வாங்கிய கொடியிற் செம்மஞ்சள் வெளிறி மஞ்சளோடு மஞ்சளாகிவிட்டது. விழாவுக்குப் புதியதொன்றை வாங்குவதே முறை.